உங்களுக்குத் தெரியுமா? சிரிக்க வைத்த நாவல், முறைக்க வைத்த படம்

★ 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' நாவலாகப் பிறந்ததே இல்லை. 1978 மார்ச் 8 அன்று பிபிசி ரேடியோ 4-ல் நாடகமாக ஒலிபரப்பாகி, அடுத்த ஆண்டுதான் புத்தகமானது. 1981-ல் தொலைக்காட்சித் தொடர், 1984-ல் கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒவ்வொரு முறையும் கதையை மாற்றியவர் அதை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸேதான். 2005-ல் படம் வந்ததும் "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்!" என்று பொங்கிய ரசிகர்களிடம், "எந்த மூலத்தை?" என்று யாராவது கேட்டிருக்கலாம்.

★ படமாக்கும் பேச்சு 1980-களின் தொடக்கத்திலேயே எழுந்தது. உரிமை வாங்கிய ஐவன் ரைட்மன், இடையில் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' எடுக்கப் போய்விட்டார். அதன்பின் இழுபறிதான். 2001 மே 11 அன்று, 49 வயதில், மாரடைப்பால் ஆடம்ஸ் இறந்தார். அவர் விட்டுச்சென்ற திரைக்கதையைக் கேரி கர்க்பாட்ரிக் முடித்துக் கொடுத்தார். படத்தின் கடைசியில் 'டக்ளஸுக்காக' என்று ஒரு சமர்ப்பணம் வரும். படத்தைத் திட்டித் தீர்த்தவர்களும் அந்த இடத்தில் கொஞ்சம் இளகியிருப்பார்கள்.

★ ஜான் மல்கோவிச் நடித்த ஹூமா கவூலா நாவலில் கிடையாது. 'ஹாலிவுட் செருகியது' என்று நினைக்கத் தோன்றும். படத்துக்கென்றே அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர் ஆடம்ஸ்!

★ அப்படியானால் ரசிகர்களின் கோபம் வீணா? இல்லை. ஒரே ஒரு காட்சியைப் பாருங்கள். புறவழிச்சாலை போடுவதற்காக நாயகன் ஆர்தர் டென்டின் வீட்டை இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. திட்ட வரைபடம் பல மாதங்களாக அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததாம். நாவலில் ஆர்தர் அதைத் தேடிப் போன கதையைச் சொல்வார். அது இருந்தது நிலவறையில், அங்கே விளக்கு இல்லை, படிக்கட்டும் இல்லை, பூட்டிய அலமாரிக்குள் கிடந்தது, அந்த அலமாரி நின்றது பயன்படாத கழிப்பறையில், அதன் கதவிலோ சிறுத்தை ஜாக்கிரதை என்று ஒரு பலகை. நகைச்சுவை படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். படத்தில் நிலவறையோடு சரி. மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். நேரம் மிச்சமாயிற்று, சிரிப்பு போயிற்று. ஆடம்ஸின் வேடிக்கை சம்பவத்தில் இல்லை, அதைச் சொல்லும் வாக்கியத்தில் இருக்கிறது. கேமராவால் சம்பவத்தைத்தான் பிடிக்க முடியும்.

★ ஆடம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எம்.ஜே. சிம்ப்சன், படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு மிக நீண்ட விமர்சனம் எழுதினார். அவருடைய பெரிய மனக்குறையும் இதுவே: வசனத்தில் இருந்த நகைச்சுவையை வெட்டிவிட்டார்கள்.

★ இரண்டு தலை உள்ள ஸாஃபோட் வானொலியில் எந்தச் சிக்கலும் தரவில்லை; சொன்னாலே போதும். தொலைக்காட்சியில் நடிகரின் தோளில் ஒரு பொம்மைத் தலையை ஒட்டினார்கள். படத்தில் இரண்டாவது தலை கழுத்துக்குள் ஒளிந்திருந்து திடீரென்று எட்டிப் பார்க்கும். இதற்கு அந்தப் பொம்மையே தேவலை என்பது என் கட்சி.

★ பாராட்டவும் நிறைய உண்டு. வோகான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளைக் கம்ப்யூட்டரில் வரையாமல், ஜிம் ஹென்சனின் பட்டறையில் நிஜ உருவங்களாகவே செய்தார்கள். சோக ரோபோ மார்வினின் உடைக்குள் இருந்தவர் வார்விக் டேவிஸ், குரல் ஆலன் ரிக்மனுடையது. பழைய ரசிகர்களுக்காக ஒரு கண்சிமிட்டலும் உண்டு: வோகான் அலுவலக வரிசையில் 1981 தொடரின் மார்வின் நின்றுகொண்டிருக்கும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆர்தராக நடித்த சைமன் ஜோன்ஸும் ஒரு காட்சியில் முகம் காட்டுவார்.

★ படத்தில், கதைக்குள் வரும் வழிகாட்டி நூலின் குரலாகப் பேசியவர் ஸ்டீபன் ஃப்ரை. 1990 முதல் 1993 வரை நகைச்சுவை எழுத்தாளர் உட்ஹவுஸின் கதைகள் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ஜீவ்ஸ் வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவரும் இவரே. உட்ஹவுஸ் ரசிகர்களுக்கும் முறைக்கக் காரணம் உண்டு: 1936-ல் வந்த 'தேங்க் யூ, ஜீவ்ஸ்!' படம் உட்ஹவுஸிடமிருந்து எடுத்துக்கொண்டது தலைப்பையும் பாத்திரங்களையும்தான். கதை வேறு.

★ எழுதியவரே திரைக்கதையும் எழுதினால்? வில்லியம் கோல்ட்மன் தன் 1973 நாவலான 'தி பிரின்சஸ் பிரைட்'டுக்குத் தானே திரைக்கதை எழுதினார். 1987-ல் வந்த அந்தப் படத்தை நாவல் ரசிகர்களும் கொண்டாடுகிறார்கள்.

★ 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' 1981-ல் புலிட்சர் பரிசு பெற்ற நகைச்சுவை நாவல். அதைப் படமாக்கும் பேச்சில் நாயகனாக அடிபட்ட ஜான் பெலுஷி, ஜான் கேண்டி, கிறிஸ் ஃபார்லி மூவரும் அற்பாயுளில் போய்ச் சேர்ந்தார்கள். படம் இன்னும் வந்தபாடில்லை.

★ 'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' உலக அளவில் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இருந்தும் இரண்டாம் பாகம் வரவில்லை. நாவல், படம் இரண்டையும் தொடாதவர்கள் படத்தை முதலில் பார்த்துவிடுங்கள், நாவலைப் பிறகு படியுங்கள். வெட்டுப்பட்ட சிறுத்தைப் பலகையெல்லாம் அப்போது புதிதாகக் கிடைக்கும்.