நீலகிரி டீக்கு வாசம் அதிகம்... ஆனா கடை டீயில் அது ஏன் தெரிவதில்லை?

ஊட்டிக்கு டூர் போனால் திரும்பும்போது டீத்தூள் பாக்கெட் வாங்காமல் வருபவர்கள் குறைவு. ஆனால் வீட்டில் பால் ஊற்றிக் கொதிக்க வைத்தால், 'எப்பவும் குடிக்கிற டீ மாதிரிதானே இருக்கு' என்றுதான் தோன்றும். அப்படியானால் நீலகிரி டீயின் வாசம் என்று சொல்வதெல்லாம் சும்மாவா?

இல்லை. விஷயம் பனியில் இருக்கிறது.

நீலகிரியில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கலாம். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் கை கொடுக்கிறது. மழைக்காலத்தில் கொழுந்து மளமளவென வளரும். எடை கிடைக்கும், வாசம் அவ்வளவாக இருக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கதையே வேறு. இரவில் கடும் குளிர், பகலில் வறண்ட வெயில். செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். அந்தக் கொழுந்தில்தான் பூ மணம் போன்ற வாசம் தூக்கலாக இருக்கும். ஆர்த்தடாக்ஸ் டீ தயாரிப்பவர்கள் காத்திருப்பது இந்த சீசனுக்குத்தான். ஆனா குளிர் கொஞ்சம் எல்லை மீறி உறைபனி விழுந்தால், அதே செடி கருகிவிடும்.

இன்னொரு குணமும் உண்டு. பல டீக்கள் ஆறினால் கலங்கிப்போகும். டீயில் உள்ள டானினும் காஃபினும் ஒன்றோடொன்று சேர்வதுதான் காரணம். நல்ல நீலகிரி டீ ஐஸ் போட்டாலும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஐஸ் டீ தயாரிப்பவர்களுக்கு இது பிடித்துப்போக இதுதான் காரணம்.

வாசம் எங்கே போகிறது?

நீலகிரியில் பெரும்பகுதி இலை சி.டி.சி. முறைக்குத்தான் போகிறது. பல் வைத்த உருளைகளில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவார்கள். பால் ஊற்றினாலும் நிறம் குறையாது, திடமும் நிற்கும். டீக்கடைக்கு வேண்டியது அதுதான். இலையை வாட்டி, பக்குவமாக உருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் முறையில்தான் மென்மையான வாசம் தங்கும். 2008-ல் புவிசார் குறியீடு பெற்றதும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீதான்.

இதில் சிக்குவது சிறு விவசாயிதான். சுமார் 4 கிலோ பசுந்தேயிலை போட்டால்தான் 1 கிலோ டீத்தூள் கிடைக்கும். விற்ற தொகையில் 65 சதவீதம் விவசாயிக்கு, 35 சதவீதம் தொழிற்சாலைக்கு என்பது கணக்கு. ஏலத்தில் டீத்தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால், ஒரு கிலோ இலைக்கு சுமார் 16 ரூபாய்தான். அதில் பறிகூலி, உரம் எல்லாம் போக வேண்டும். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு விவசாயிகள் அடிக்கடி போராடுவது இதனால்தான். பனி சீசனில் வரத்து குறைவதால் விலை கொஞ்சம் ஏறலாம். ஆனால் அப்போது பறிக்க இலையே குறைவு.

வாசத்தை நேரடியாக உணர வேண்டுமா? ஆர்த்தடாக்ஸ் தூள் ஒரு ஸ்பூன் போதும். கொதித்த தண்ணீரை இறக்கி அதில் போட்டு, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். பால் மட்டும் வேண்டாம்.