பழைய ட்யூபாவுக்கு என்ன விலை சொல்வது?

அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பரணிலோ பள்ளிக்கூடத்துச் சாமான் அறையிலோ கிடந்த ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி விற்பனைக்கு வந்தால், அதை விற்பவர் முதலில் சொல்வது பெரும்பாலும் அதன் வயதைத்தான். நூறு வருடப் பழசு என்றாலே விலை ஏறிவிடும் என்று அவர் நம்புகிறார். வயலின் சந்தையைப் பார்த்து வந்த நம்பிக்கை அது, ட்யூபாவிடம் செல்லுபடியாகாது. 1835-இல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்டும் யோஹான் கோட்ஃப்ரீட் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்தே ட்யூபா வால்வுகளால் இயங்கும் கருவி. அசையும் பாகம் எதுவும் தேயும். எனவே பழைய ட்யூபாவின் விலையை அதன் ஆண்டுக்கணக்கு தீர்மானிப்பதில்லை, இன்றைய வாத்தியக் குழுவில் உட்கார்ந்து வாசிக்க முடியுமா என்பதே தீர்மானிக்கிறது. விற்பவர் காசு செலவழிக்க நினைத்தால், மெருகேற்றுவதைவிடச் சோதித்துப் பார்ப்பதற்கே செலவழிக்கலாம்.

உண்மையில் வயது ஒரு தகுதியாவதற்கு முன் ஒரு சந்தேகமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க பாண்டு வாத்தியங்கள் இரண்டு சுருதிகளில் விற்கப்பட்டன. உயர் சுருதியில் ‘ஏ’ ஸ்வரம் ஏறத்தாழ 457 ஹெர்ட்ஸ். இன்று பரவலாக வழங்குவதும், 1939 லண்டன் மாநாடு உறுதி செய்ததும் 440. வித்தியாசம் அரை ஸ்வரத்துக்கும் குறைவுதான். ஆனாலும் சேர்ந்து வாசிக்கும்போது காதைக் குத்த அது போதும். பி ஃபிளாட் ட்யூபாவின் குழாயை நீட்டிப் போட்டால் சுமார் 18 அடி வரும். உயர் சுருதிக் கருவியை இன்றைய சுருதிக்கு இறக்க, பிரதானக் குழாயில் மட்டும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வால்வின் குழாயையும் அதே விகிதத்தில் நீட்ட வேண்டும். அந்தக் கூலி பல சமயம் கருவியின் விலையையே தாண்டிவிடும். சில கருவிகளில் வால்வுக்குப் பக்கத்தில் எச்.பி. (உயர் சுருதி) அல்லது எல்.பி. (தாழ் சுருதி) என்று முத்திரை இருக்கும். அது இல்லாவிட்டால், சுருதி காட்டும் மீட்டரை வைத்து யாரையாவது ஊதிப் பார்க்கச் சொல்வதே வழி. சில நிமிட வேலைதான் என்றாலும், வாங்குபவருக்கு இருக்கும் பெரிய பயம் அதில் தீர்ந்துவிடும்.

அடுத்தது வால்வு. ஒரு வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டக்கூடிய குழாயை, இழுத்துப் பிடித்து, சில நொடிகள் கழித்து வால்வை அழுத்தினால், இறுக்கமான கருவி ‘பொப்’ என்று சத்தம் போடும். சத்தமே வராவிட்டால் காற்று ஏற்கெனவே கசிந்துவிட்டது என்று பொருள். பிஸ்டனுக்கு மறுபடி முலாம் பூசி அளவுக்குக் கொண்டுவருவது செலவு பிடிக்கும் வேலை. மணி போன்ற வாய்ப்பகுதியில் விழுந்த ஒடுக்கை எடுப்பது அத்தனை பெரிய வேலையல்ல. கண்ணுக்குத் தெரியும் குறை மலிவாகவும் தெரியாத குறை செலவாகவும் இருப்பதால்தான் புகைப்படம் மட்டும் பார்த்து விலை பேச முடிவதில்லை. மூன்று வால்வா நான்கா என்பதும் விலையை மாற்றும். மூன்றே வால்வு உள்ள கருவியில் சில தாழ்ந்த ஸ்வரங்கள் சுருதி ஏறி நிற்கும். நான்காவது வால்வு அதைப் பெருமளவு சரிசெய்கிறது. வாங்கப்போவது யார் என்பதும் முக்கியம். அமெரிக்கப் பள்ளி பாண்டுகள் பி ஃபிளாட் கேட்கும்; சிம்பொனி வாசிப்பவர்களில் பெரும்பாலோர் சி ட்யூபாவைத் தேடுவார்கள். ஒரு காலத்தில் அங்கே நிறைய விற்ற ஈ ஃபிளாட் ட்யூபாவுக்கு இன்று அங்கு ஆள் குறைவு. பிரிட்டிஷ் பித்தளை பாண்டுகளிலோ அதற்கு நிரந்தர இடம் உண்டு.

‘வயதுக்கு விலை இல்லையென்றால் சிகாகோவின் பழைய யார்க் ட்யூபா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் இருந்த யார்க் நிறுவனம், பிலடெல்பியா இசைக்குழுவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியின் விருப்பத்துக்காக 1933 வாக்கில் இரண்டு பெரிய சி ட்யூபாக்களைச் செய்தது. பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் அவற்றில் ஒன்றை 175 டாலருக்கு வாங்கினார். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் அவர் வாசித்ததால் அந்த நாதம் உலகப்புகழ் பெற்றது. பிறகு சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ருன்னரும் ஜப்பானின் யமஹாவும் அந்தக் கருவியை அளவெடுத்துப் புதிய கருவிகள் செய்து விற்றன. வயதுதான் அதன் மதிப்பு என்றால் புதிதாக நகல் செய்து என்ன பயன்? குழாயின் அகலமும் வளைவும் வடிவமைப்பும்தான் விலை பெற்றன. யார்க் என்ற பெயர் பொறித்த எல்லாக் கருவிக்கும் அந்த வடிவம் கிடையாது.

குறைகளைப் பட்டியலிட்டால் விலை விழும் என்பது இன்னொரு வாதம். கையில் அடங்கும் பொருளுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். ட்யூபா பத்துக் கிலோ அளவுக்கு எடையுள்ள, வளைந்து பருத்த பித்தளை. பெட்டி கட்டி அனுப்புவதே தனிச் செலவு. மறைத்த குறை தெரிந்து கருவி திரும்பி வந்தால், போக வர இரண்டு கூலியோடு வழியில் விழுந்த புது ஒடுக்கும் விற்றவர் தலையில்தான். தெரியாத குறைக்கு, இருக்கும் குறையைவிட அதிகமாகவே விலையைக் குறைத்துக் கேட்பது வாங்குபவரின் இயல்பு. வரிசை எண்ணையும் வெளிப்படையாகச் சொல்வது நல்லது. 2011, 2012-இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் பள்ளிகளில் ட்யூபாக்கள் அடுத்தடுத்துத் திருடுபோயின. மெக்சிகோவின் பண்டா இசைக்குப் பெருகிய கிராக்கியே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. பள்ளிப் பெயர் பொறித்த கருவியை விற்பவர், அது தன் கைக்கு எப்படி வந்தது என்று காட்டும் தாளையும் வைத்திருப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

பளபளப்பு விற்காதா என்றால், உணவகச் சுவரில் மாட்டுபவருக்கு விற்கும். ஆனால் அவர் அலங்காரப் பொருளுக்கான விலையைத்தான் தருவார். வாசிப்பவருக்கோ, எந்திரம் வைத்து மெருகேற்றியதில் எவ்வளவு உலோகம் போயிற்று, புது லாக்கருக்கு அடியில் துத்தநாகம் அரித்துப்போன செம்புள்ளிகள் ஒளிந்திருக்கின்றனவா என்ற கவலைதான் வரும். ஆகவே விற்பவர் செய்ய வேண்டியது சுருக்கமானது: உள்ளே கழுவி, வால்வுக்கு எண்ணெய் விட்டு, சிக்கிய ஸ்லைடை முரட்டுத்தனமாக இழுக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து எடுத்து, சுருதி, வால்வு நிலை, வரிசை எண் மூன்றையும் எழுதி, ஒருவரை வாசிக்க வைத்துப் பதிவு செய்து தர வேண்டும். அதன் பிறகு வயதையும் சொல்லலாம், தடையில்லை. விலையை அந்தப் பதிவே பேசிக்கொள்ளும்.