லு மான்: கார் நிறுவனங்கள் ஏன் 24 மணித்தியாலம் ஓடுகின்றன?

2016 ஜூன் 19. இலங்கை நேரம் மாலை ஆறரைக்கு முடியவேண்டிய லு மான் பந்தயத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொயோட்டா முன்னிலையில் இருந்தது. ஐந்தாறு நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, காரில் வலு இல்லை என்று சாரதி கசுகி நகஜிமா தொடர்புக் கருவியில் அலறினார். முடிவுக்கோட்டுக்கு அருகிலேயே கார் நின்றுபோனது. துரத்தி வந்த போர்ஷே வென்றது. நாள் முழுதும் ஓடிய காரை வீழ்த்தியது டர்போவுடன் இணைந்த காற்றுக்குழாயின் ஓர் இணைப்பு. கடைசிச் சுற்றுக்கு ஆறு நிமிடங்களுக்கு மேல் எடுத்ததால் ரொயோட்டாவுக்கு இரண்டாம் இடம்கூடக் கொடுக்கப்படவில்லை.

போர்முலா வண் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் இந்தப் பந்தயம் தொடங்கப்பட்டதே இத்தகைய சின்னச்சின்ன இணைப்புகளைச் சோதிக்கத்தான். 1923 மே மாதம் பிரான்ஸில் முதல் போட்டி நடந்தபோது கார்களின் முன்விளக்குகளும் மின்னமைப்பும் நம்பிக்கைக்குரியவையாக இருக்கவில்லை. அதனால்தான் இரவு முழுதும், அதுவும் பொது வீதிகளில், ஓடவிட்டார்கள். முதலில் வென்ற செனார் எ வால்கர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை இன்று யாருக்கும் நினைவில்லை.

சோதனையின் பலன் நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. நீண்ட நேர்வீதியில் பறந்துவந்து வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும்போது பழைய டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். டிஸ்க் பிரேக் காற்றுப்பட்டு விரைவில் ஆறும். 1953இல் அதைப் பொருத்திய ஜகுவார் வென்றது. இன்று பெரும்பாலான கார்களின் முன்சக்கரங்களில் இருப்பது அதுதான்.

இப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது விளம்பரம் ஆகிவிடும். 1955 ஜூன் 11 மாலை, ஜகுவார் ஒன்று தரிப்பிடத்துக்குத் திரும்புவதற்காகச் சட்டென வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த ஒஸ்ரின் ஹீலி விலக, அதில் மோதிய பியர் லெவேயின் மேர்சிடிஸ் தூக்கியெறியப்பட்டுச் சிதறியது. அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயும் 80க்கு மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். யாருடைய பிழை என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை. பந்தயம் நிறுத்தப்படவில்லை, கூட்டம் ஒரேயடியாக வெளியேறினால் அம்புலன்ஸ்களின் வழி அடைபடும் என்று ஏற்பாட்டாளர்கள் காரணம் சொன்னார்கள். முன்னிலையில் இருந்தும் மேர்சிடிஸ் அன்றிரவே தன் கார்களை விலக்கிக்கொண்டது. ஜகுவார் தொடர்ந்து ஓடி வென்றது. அந்த வெற்றியை என்னால் ஒருபோதும் ரசிக்க முடிந்ததில்லை. மேர்சிடிஸ் மீண்டும் அங்கே வெல்ல 1989 வரை ஆனது. அதுவும் சுவிஸ் அணியான சௌபருடன் சேர்ந்துதான்.

நிறுவனங்கள் வருவதற்கும் போவதற்கும் தொழில்நுட்பம் மட்டுமே காரணமல்ல. பெராரியை விலைக்கு வாங்க முயன்று 1963இல் ஏமாந்த ஃபோர்ட், 1966இல் முதல் மூன்று இடங்களையும் பிடித்துக் கணக்குத் தீர்த்தது. டீசல் கார்களை விற்க விரும்பிய அவுடி, 2006இல் டீசல் காரோடு வந்து வென்றது. 2015இல் அதன் தாய் நிறுவனமான வொக்ஸ்வாகனின் டீசல் புகை மோசடி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டின் முடிவில் அவுடி வெளியேறியது. அதற்கடுத்த ஆண்டு போர்ஷேயும் போய்விட்டது. 2018இல் நகஜிமாவும் சக சாரதிகளும் ரொயோட்டாவுக்கு முதல் வெற்றியைப் பெற்றுக்கொடுத்தபோது, உச்சப் பிரிவில் வேறு பெரிய நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. உப்பில்லாத வெற்றி என்றுதான் சொல்லவேண்டும்.

செலவைக் குறைக்கும் புதிய விதிகள் வந்தபின்னர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. 2023இல், நூற்றாண்டுப் போட்டிக்கு, பெராரி 50 ஆண்டுகளின் பின் உச்சப் பிரிவுக்கு வந்து ரொயோட்டாவை வென்றது. அங்கும் கடைசித் தரிப்பில் பெராரி உடனே கிளம்பவில்லை. மின்னமைப்பை நிறுத்தி, மறுபடி இயக்கிய பின்னரே அது புறப்பட்டது.