திருச்சிராப்பள்ளிக் கிரீத்தேசியப் பாறைகளும் விலங்கு நடத்தை ஆய்வும்

திருச்சிராப்பள்ளிக் கிரீத்தேசியப் பாறைகள் என்பவை தமிழ்நாட்டின் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காணப்படும் படிவுப் பாறைகள் ஆகும். இவற்றில் சுமார் 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் உள்ளன. சிப்பிகளுக்கும் அம்மோனைட்டுகளுக்கும் உலகப் புகழ் பெற்ற இப்பகுதியில் முதுகெலும்பிகளின் புதைபடிவங்கள் குறைவு. கிடைத்த சிலவும் பெரும் விவாதங்களுக்கு உள்ளாயின. ஓர் எலும்போ பல்லோ கிடைத்தால், அந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்று எந்த அளவுக்குச் சொல்ல முடியும் என்பதே அந்த விவாதங்களின் மையம்.

அமைவிடம்

'திருச்சி' என்ற பெயரைக் கேட்டு மலைக்கோட்டையில் புதைபடிவம் தேடுவோர் ஏமாறுவர். மலைக்கோட்டைப் பாறை படிகப் பாறை வகையைச் சேர்ந்தது, மிகப் பழமையானது. அதில் எலும்போ சிப்பியோ இருக்க வாய்ப்பில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையிலுள்ள திருவரங்கம் தீவோ அண்மைக் கால ஆற்று வண்டலால் ஆனது. கொள்ளிடப் பாலத்தைக் கடந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, பாடாலூரை ஒட்டிக் கிழக்கே திரும்பினால்தான் கிரீத்தேசியக் கடலின் பழைய கரை வரும். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம் ஆகிய ஊர்கள் இந்தப் பகுதியில் உள்ளன. இன்னும் கிழக்கே அரியலூர் இருக்கிறது. நிலவியலார் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தனர். பின்னாளில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பிரிந்தபோதும் நூல்களில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பகுதியை விரிவாக ஆராய்ந்தார். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லான அடிமரத்தைக் கண்டறிந்தார். பெரும்பாலான பாறைகள் கடலில் படிந்தவை. கரையிலிருந்து அடித்து வரப்பட்ட மரங்களும் அவற்றில் புதைந்தன. அரியலூர்த் தொகுதியின் மேற்பகுதியிலுள்ள கல்லமேடு படிவம் மட்டும் ஆற்றுச் சமவெளியில் உருவானது. அதனால்தான் டைனோசர் எலும்புகளைத் தேடுவோர் கல்லமேட்டுக்கு வருகிறார்கள். 1929இல் சி. ஏ. மேட்லி இப்பகுதியின் டைனோசர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஒரே எலும்பு, இரண்டு விலங்குகள்

1979இல் பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவரும் அரியலூர்ப் பகுதியில் கிடைத்த எச்சங்களுக்குத் 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' எனப் பெயரிட்டனர். முதுகில் தட்டுகள் கொண்ட, தாவரம் உண்ணும் ஸ்டெகோசார் வகை டைனோசராக அதை அவர்கள் விளக்கினர். பிற இடங்களில் இவ்வகை பெரும்பாலும் அழிந்துவிட்ட பிறகு தென்னிந்தியாவில் மட்டும் தப்பியிருந்தது என்ற செய்தி வியப்பூட்டியது. 1996இல் சங்கர் சாட்டர்ஜி, டி. கே. ருத்ரா ஆகியோர் இதை மறுத்தனர். இடுப்பும் பின்காலும் மிகவும் சிதைந்தவை என்றும், அவை பிளேசியோசார் என்னும் கடல் ஊர்வனவுக்கு உரியவை என்றும் அவர்கள் கூறினர். மண்டையோடும் தட்டுகளும் பிளேசியோசாருக்குப் பொருந்தாது என்று வேறு சிலர் எழுதினர். முதல் விளக்கத்தின்படி அது தரையில் இலை மேய்ந்த விலங்கு. இரண்டாவதன்படி துடுப்புக் கால்களால் நீந்தி மீன் பிடித்த விலங்கு. எலும்பு எவ்வகை விலங்குடையது என்பது உறுதியாகாதவரை அதன் நடத்தையைப் பற்றிப் பேச இடமில்லை.

கரைந்துபோன பெருவிலங்கு

அதே இருவர் 1987இல் கல்லமேட்டிலிருந்து 'புருகத்காயோசாரஸ் மேட்லியி' என்ற விலங்கை விவரித்தனர். பேருடல் பல்லி என்பது வடமொழிப் பெயரின் பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான். முதலில் ஊன் உண்ணும் டைனோசராகக் கருதப்பட்ட இது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியான டைட்டனோசார் என்று மாற்றப்பட்டது. 2023இல் வெளியான ஒரு கணக்கீடு இதன் எடை 100 டன்னைத் தாண்டும் என்கிறது.

ஆனால் எலும்புகள் இன்று இல்லை. கல்லமேட்டு எலும்புகள் தொட்டால் உதிரும் தன்மையுடையவை. மாவுக்கட்டுப் போட்டு எடுத்தும், உரிய இடத்தை அடையுமுன் கட்டுக்குள்ளேயே அவை பொடிந்துவிட்டன என்று 2017இல் பதிவாயிற்று. அவை எலும்பே அல்ல, கல்லான மரத்துண்டுகள் என்றுகூடச் சிலர் ஐயப்பட்டிருந்தனர். கல்மரங்கள் மலிந்த வட்டாரம் என்பதால் அந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அகழ்வின்போது எடுத்த பழைய புகைப்படங்கள் 2022இல் வெளியானபின்தான் அது ஓரளவு தணிந்தது. எனினும் படத்தை வைத்து எலும்பை நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. வளர்ச்சி வளையங்களை எண்ணி வயதறியவோ, தசை ஒட்டிய தழும்பைக் கொண்டு நடையைக் கணிக்கவோ எலும்பே வேண்டும். உலகின் மிகப் பெரிய தரைவிலங்காக இருந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு இன்று மாதிரி எண்ணும் சில படங்களும் அளவுகளும் மட்டுமே எஞ்சியுள்ளன.

சல்லடையில் தங்கும் பற்கள்

பெரிய எலும்பு நிலைக்காத இடத்தில் சிறியவை நிலைத்தன. பல்லின் மேல்பூச்சு எலும்பைவிடக் கெட்டியானது. அதனால் பல்கலைக்கழக ஆய்வுக்குழுக்கள் கல்லமேட்டு மண்ணையே மூட்டைகளாக எடுத்துச் செல்கின்றன. களிமண்ணை நன்றாகக் காயவைத்துப் பிறகு நீரில் ஊறவைத்தால் அது தானே குலைந்துவிடும். அதை நுண்சல்லடைகளில் அலசி, தங்கியதை உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் தூரிகையால் பொறுக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் மண் அலசினால் சில பற்கள் கிடைக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் குண்டுபள்ளி வி. ஆர். பிரசாத், இலண்டனைச் சேர்ந்த அஞ்சலி கோஸ்வாமி முதலியோர் இவ்வழியில் கண்டெடுத்த ஒரு பல்லை 2013இல் டிரூடான்டிட் வகை டைனோசருடையது என்று அறிவித்தனர். அதுவரை வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்ட குடும்பம் அது. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், மடகாசுக்கரின் சிமோசூக்கஸ் என்னும் முதலை உறவினத்தை ஒத்த பல்லும் இடம்பெற்றது. சிமோசூக்கஸின் பற்கள் இலை வடிவில் பல முனைகள் கொண்டவை. ஆகவே அது தாவரம் தின்றது எனக் கருதப்படுகிறது. கல்லமேட்டு விலங்கும் அவ்வாறே உண்டிருக்கலாம். இந்தியாவும் மடகாசுக்கரும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்பதால் இந்த ஒற்றுமை நிலவியலாருக்கும் முக்கியமானது.

உணவைப் பொறுத்தவரை பல் நல்ல சாட்சி. மற்ற நடத்தைகளில் எச்சரிக்கை தேவை. டிரூடான்டிட்கள் பறவை போலச் சுருண்டு உறங்கியதற்குச் சீனாவிலும், முட்டைகள் மேல் அமர்ந்ததற்கு வட அமெரிக்காவிலும் சான்று உண்டு. அவற்றைக் கல்லமேட்டு விலங்குக்கும் ஏற்றிச் சொல்ல ஒரு பல் போதாது.

முட்டையும் உருண்டைக் கல்லும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று படங்கள் கைப்பேசிகளில் பரவின. வல்லுநர்கள் பார்த்து அவை அம்மோனைட்டு சார்ந்த படிவுகள் என்றனர். அழுகும் உயிரியைச் சுற்றிக் கடல் சேற்றில் கனிமம் இறுகி இத்தகைய உருண்டைகள் உண்டாகும். இதற்கு முன் 2009இல் அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே முட்டைக் கூட்டங்கள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்ததும் பெரும் செய்தியாயிற்று.

உருவம் முட்டைக்குச் சான்றாகாது. ஆய்வகத்தில் கல்லை வெட்டி, ஒளி ஊடுருவும்படி சுமார் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ப்பர். உண்மையான ஓட்டில் சுண்ணாம்புப் படிகங்கள் விசிறிபோல் அடுக்கி நிற்கும். குஞ்சு மூச்சுவிடும் துளைகளும் இருக்கும். திரள்கல்லில் இவை இரா. நடுவில் ஒரு சிப்பி இருக்கலாம், அவ்வளவுதான்.

முட்டை உறுதியானால் எவ்வளவு தெரியவரும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டம் எடுத்துக்காட்டு. நருமதைப் பள்ளத்தாக்கில் டைட்டனோசார்களின் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பற்றிய ஆய்வைப் பிரசாத்தின் குழுவினர் 2023இல் வெளியிட்டனர். கூடுகள் மிக நெருக்கமாக இருந்தன. அவற்றுக்கிடையே பேருடல் கொண்ட தாய் நடந்திருந்தால் முட்டைகள் நொறுங்கியிருக்கும். ஆகவே அவை கூட்டமாக முட்டையிட்டு, புதைத்துவிட்டு அகன்றிருக்க வேண்டும் என்று கருதினர்.

இந்த முடிவு ஏன் முக்கியம் என்பதை உயிருள்ள விலங்கோடு ஒப்பிட்டால் புரியும். டைனோசர்களுக்கு இன்றைய நெருங்கிய உறவுகள் முதலைகளும் பறவைகளும். திருவரங்கத்தைத் தொட்டு ஓடும் கொள்ளிடத்தில், கீழே அணைக்கரைப் பகுதியில் சதுப்பு முதலைகள் உள்ளன. இவ்வகை முதலை மணலில் குழி பறித்து முட்டையிடும், காவல் காக்கும், குஞ்சின் குரல் கேட்டதும் தோண்டி எடுத்து வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுசெல்லும். ஆண் முதலையும் இதில் பங்கேற்பதைச் சென்னை முதலைப் பண்ணையில் செய்த ஆய்வு காட்டியது. முதலையும் பறவையும் குஞ்சு பேணுவதால் டைனோசர்களும் பேணின என்று ஊகிப்பது இயல்பு. தார் கூடுகளோ எல்லா டைனோசர்களுக்கும் அது பொருந்தாது என்கின்றன. அதே வட்டாரத்தில் 2022இல் அறிவிக்கப்பட்ட, முட்டைக்குள் முட்டை கொண்ட புதைபடிவம் மறுபுறம் பறவைகளோடு ஒற்றுமை காட்டியது. அதுவரை அக்குறை பறவைகளில் மட்டுமே அறியப்பட்டிருந்தது.

பாதுகாப்பு

அரியலூர், டால்மியாபுரம் வட்டாரங்களில் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. சுரங்கங்கள் புதிய புதைபடிவங்களை வெளிக்காட்டுகின்றன, அவற்றை அழிக்கவும் செய்கின்றன. சாத்தனூர்க் கல்மரம் தேசியப் புவியியல் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது. களப்பயணம் செல்லும் மாணவர்கள் எலும்பு போன்ற ஒன்றைக் கண்டால் பெயர்த்தெடுக்கக் கூடாது. பாறையோடு படமெடுத்து, அளவுக்காக அருகில் ஒரு நாணயம் வைத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு நிலவியல் துறையினரிடம் தெரிவிக்க வேண்டும். எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாத எலும்பிலிருந்து காலத்தையோ சூழலையோ கணிக்க இயலாது.