றூஹுக்கு முந்திய நாட்கள்

“நாலு மாசம் போகட்டும், றூஹ் ஊதின பொறகு கிளினிக் போகலாம்” என்று கரவனெல்லப் பக்கம் மூத்தும்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் 120 நாள் ஹதீஸ்தான் ஆதாரமாம். அது றூஹைப் பற்றியது, கிளினிக்கைப் பற்றியதல்ல. ஸூரா அல்முஃமினூன் நுத்பா, அலகா, முழ்கா, எலும்பு, தசை எனப் படிகளை அடுக்குகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் ஹுதைபா இப்னு அஸீத் (ரழி) அறிவிப்போ, 42 இரவுகள் கடந்ததும் செவியும் பார்வையும் எலும்பும் அமைவதைச் சொல்கிறது.

மருத்துவக் கணக்கு இன்னும் அவசரம். கருத்தரித்து 22ஆம் நாளளவில் இதயம் துடிக்கும்; 28ஆம் நாளளவில், மூளையும் முண்ணாணும் ஆகப்போகும் நரம்புக்குழாய் மூடிவிடும். அதற்குத்தான் ஃபோலிக் அசிட். கருத்தரிக்க முந்தியே விழுங்கத் தொடங்க வேண்டியது. 12 கிழமைக்குப் பின் பேறுவரை பெரும்பாலும் வளர்ச்சிதான். ஆகவே மாதவிடாய் தள்ளிப்போனதுமே, 8 கிழமைக்குள், மருத்துவமாதுவிடம் பதிந்துவிடுங்கள்.