ஆண்டு முழுக்க ஆடி

புது வருஷ டைரி கிடைப்பது ஒரு காலத்தில் கௌரவம். வங்கியில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியோ கொடுத்திருப்பார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே தீர்மானங்கள்: சிகரெட்டை விடுவது, விடியற்காலையில் எழுவது, தினமும் வரவு செலவு எழுதுவது. பொங்கல் கரும்பு தீர்வதற்குள் எழுத்து நின்றுவிடும். மிச்சப் பக்கங்களில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் ஏறும்.

அந்தப் பட்டியலில் அநேகமாக யாரும் எழுதாத வரி ஒன்று உண்டு: ‘இந்த வருஷம் தேவையில்லாமல் எதையும் வாங்க மாட்டேன்.’ இன்று நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் தீர்மானமே அதுதான். ஒரு வருஷம் புதுச் சேலை கிடையாது, புது போன் கிடையாது, வீட்டில் இருப்பதைத் தீர்த்த பிறகே அடுத்தது என்று சபதம் எடுக்கிறார்கள். முந்தைய தலைமுறைக்கு அப்படியொரு சபதம் ஏன் தேவைப்படவில்லை?

அவர்களுக்கு ஆசை குறைவாக இருந்தது என்றால் அது பொய். ஆசைக்கும் கடைக்கும் நடுவே இருந்த வழி நீளம்.

1970, 80-களில் சாதாரண வீட்டில் துணி எடுப்பது தீபாவளிக்கு. வசதி இருந்தால் பொங்கலுக்கும். அரசு ஊழியர் வீடு என்றால் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடிக்குக் காத்திருப்பார்கள். ஒரே தானில் அண்ணன் தம்பி எல்லாருக்கும் சட்டைத் துணி வெட்டப்படும். “வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமாத் தைங்க” என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தால், பண்டிகைக்கு முந்தின ராத்திரிவரை அவர் கடை வாசலில் நிற்க வேண்டும். அதற்கான பணமோ வருஷம் முழுக்கக் கட்டிய தீபாவளிச் சீட்டிலிருந்து வரும். பஜாஜ் ஸ்கூட்டர் வேண்டுமென்றால் முன்பதிவு செய்துவிட்டுப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். டெலிபோனும் கேஸ் இணைப்பும் அப்படித்தான். மளிகைக் கடையில்கூட ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகை தலைக்கு மேலே தொங்கும்.

இந்த ஒவ்வொரு இடத்திலும் ‘இது வேண்டுமா?’ என்ற கேள்வி தானாக வந்தது. அப்பாவிடம் கேட்க வேண்டும், பணம் சேர வேண்டும், பஸ் ஏறிப் போக வேண்டும், நோட்டை எண்ணிக் கொடுக்க வேண்டும். பாதி ஆசைகள் வழியிலேயே உதிர்ந்தன. அதைச் சிக்கனம் என்று பின்னால் பேர் வைத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் தேவையில்லை. கடன் அன்றும் இருந்தது. தவணைக்காரர் சைக்கிளில் போர்வையும் பாத்திரமும் கட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்தார். ரேடியோ, ஃபிரிட்ஜ் என்று தவணையில் விற்றே சென்னையில் வி.ஜி.பி. பெயர் பெற்றது. அடகுக் கடைக்குப் போய் மீளாத தாலிச் சங்கிலிகள் எத்தனையோ. காத்திருப்பும் எல்லாருக்கும் சமமாக இல்லை. வீட்டு ஆண் தினமும் சிகரெட் வாங்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் ஒரு சேலை கேட்கப் பத்து நாள் யோசிப்பாள். இன்று தன் சம்பளத்தில் தனக்குப் பிடித்ததை ஒரு பெண் யாரையும் கேட்காமல் வாங்குகிறாள் என்றால், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த நீளமான வழி தானாகக் குறுகவில்லை. அதைக் குறுக்குவதே விற்பவர்களின் தொழிலாக இருந்தது. ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் 1999-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் 2007-ல் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-ல் பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. கார்டு இல்லாதவரும் வாடிக்கையாளர் ஆனார். 2013-ல் அமேசான் இங்கே கடை விரித்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இப்போது பெருநகரங்களில் பத்து நிமிஷத்தில் பொருள் வாசலுக்கு வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது எழும் ஆசை, காலையில் காபி குடிக்கும்போது பார்சலாகிவிடுகிறது. நடுவில் யோசிக்க இடமே இல்லை.

தள்ளுபடியும் மாறிவிட்டது. ஆடியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், புதுப் பொருள் வாங்க மாட்டார்கள். படுத்துக் கிடக்கும் வியாபாரத்தை எழுப்பக் கடைக்காரர்கள் விலையைக் குறைத்தார்கள். அதற்கொரு காரணம் இருந்தது, ஒரு மாதக் கெடுவும் இருந்தது. இன்று புத்தாண்டுத் தள்ளுபடி, குடியரசு தினத் தள்ளுபடி, கோடைத் தள்ளுபடி, சுதந்திர தினத் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று ஆண்டு முழுக்க ஆடிதான். எப்போதும் இருக்கும் தள்ளுபடிக்கு விலை என்றுதான் பெயர்.

தவணையின் முகமும் மாறியது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் கண்டிப்பாகச் சொன்னது. பிறகு ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற பெயரில் அது வேறு சட்டை போட்டு வந்தது. வங்கி வட்டி போடும். அந்தத் தொகையை விற்பவர் விலையில் கழித்துக்கொள்வார். கிரெடிட் கார்டு என்றால் வட்டிமீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பல வேளைகளில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில். தவணைக்காரர் வாரம் ஒருமுறை வாசலில் நின்றபோது கடன் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று மாதம் பிறந்ததும் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் போய்விடுகிறது.

‘இன்னும் இரண்டே பாக்கி’, ‘ஐந்து நிமிஷத்தில் சலுகை முடிகிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் முறைகேடு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இப்படிப் 13 வகைத் தந்திரங்களை அது பட்டியல் போட்டது. அரசாங்கமே பட்டியல் போட வேண்டிய அளவுக்கு எதிர்ப்பக்கம் ஆள்பலம் இருக்கிறது. அதற்கு எதிரே நாம் நிறுத்துவது டைரியில் எழுதிய ஒற்றை வரி. அது தோற்பதில் ஆச்சரியம் இல்லை.

தீர்மானங்கள் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் குழுவினர் 1980-களில் 200 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். இரண்டு வருஷம் நின்றவர்கள் 19 சதவீதம். நின்றவர்களிடம் மனஉறுதி மட்டும் இருக்கவில்லை. சபலத்தைத் தூண்டும் பொருள்களையும் இடங்களையும் தம்மைவிட்டுத் தள்ளி வைத்திருந்தார்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒருமுறையாவது சறுக்கியவர்கள். சராசரியாக 14 சறுக்கல்.

ஆக, பழைய வறுமையைத் திரும்பக் கூப்பிட வேண்டாம். பழைய வழியின் நீளத்தில் கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்தால் போதும். வேண்டும் என்று தோன்றுவதைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அப்போதும் வேண்டியிருந்தால் வாங்குங்கள். துணிமணிக்கு மாதம் இவ்வளவு என்று ரொக்கமாக எடுத்து வையுங்கள். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். போகியன்று பழையதைக் கொளுத்திப் புகை கிளப்பாமல், அலமாரியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். உடுத்தாததை உடுத்துபவருக்குக் கொடுங்கள். நடுவில் ஒருநாள் சறுக்கினால் அந்த வருஷமே போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். தை முதல் நாள் இருக்கிறது, சித்திரை முதல் நாள் இருக்கிறது, ஒவ்வொரு மாதத்துக்கும் முதல் தேதி இருக்கிறது.

அடுத்த ஜனவரிவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று ராத்திரி படுக்குமுன் போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். மற்றதை நாளை பார்த்துக்கொள்ளலாம்.