சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே

ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வடக்கே கிளம்பும் பயணி, சுருகாவில் ரயில் மாறி கனசாவா நகரில் இறங்கும்போது, மாதம் நவம்பர் என்றால் அநேகமாக மழை பெய்துகொண்டிருக்கும். ‘சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. டோக்கியோவில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை, இங்கே 2,400. டோக்கியோ வெயில் காயும் குளிர்காலம்தான் கனசாவாவுக்கு அடைமழைக் காலம். சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று, வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டம் ஓடும் ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. ஹகுசான் மலைப் பகுதியில் முட்டியதும் கொண்டுவந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறது. கூடவே இடி. குளிர்காலத்தில் இடி முழங்கினால் ‘புரி’ மீன் வலைக்கு வரும் பருவம் தொடங்கிவிட்டது என்று மீனவர்கள் மகிழ்ந்து போவார்கள்.

மழையைப் பார்த்ததும் ‘இன்றைய நாள் போச்சு’ என்று விடுதி அறைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. கனசாவாவில் அப்படிச் செய்வது பெரிய நஷ்டம். இந்த ஊரின் அருங்காட்சியகங்களில் வைத்திருப்பதிலும் கடைகளில் விற்பதிலும் பல இந்த ஈரத்தில் உருவானவைதான்.

மழையோடு வாழப் பழகிய ஊர் இது என்பது ரயில் நிலைய வாசலிலேயே தெரிந்துவிடும். 2005இல் எழுப்பிய பிரம்மாண்டக் கண்ணாடிக் கூரை வந்திறங்கும் எல்லோரையும் நனையாமல் காக்கிறது. விருந்தினருக்கு ஊர் பிடிக்கும் குடையாகவே அதை வடிவமைத்தார்கள்.

அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால் 21ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை அருங்காட்சியகம். 2004 அக்டோபரில் திறந்தது. கசுயோ செஜிமா, ர்யூவே நிஷிசாவா என்ற இருவரும் சேர்ந்து வடிவமைத்த வட்டக் கட்டடம், குறுக்களவு 112.5 மீட்டர். சுற்றிலும் கண்ணாடிச் சுவர். முன்வாசல், கொல்லைப்புறம் என்று எதுவும் கிடையாது. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் நுழையலாம். மழைநாளில் அக்கம்பக்கத்துக்காரர்கள் இதற்குள் புகுந்து குறுக்கே நடந்து போவதைப் பார்க்கலாம், ஏனென்றால் கட்டடத்தின் பொதுப் பகுதிக்குக் கட்டணம் இல்லை. வாசலில் பூட்டுப் போட்ட குடைத் தாங்கி இருக்கும். குடையைச் செருகி, எண் போட்ட சின்னச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே கூட்டம் மொய்ப்பது கலைஞர் லியாண்ட்ரோ எர்லிச்சின் நீச்சல் குளத்தை. கனத்த கண்ணாடி மேல் 10 சென்டிமீட்டர் தண்ணீர். அதன் அடியில் ஒரு நீல அறை. மேலே நின்று பார்த்தால், தண்ணீருக்குள் மனிதர்கள் உடுத்திய உடையோடு நடமாடுவது போலத் தெரியும். மழை பெய்தால் குளக்கரையை மூடிவிடுவார்கள். அதற்காக முகம் வாட வேண்டாம். கீழறையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு, வெயில் நாளில் வந்தவர் பார்க்காத காட்சி கிடைக்கும்: தலைக்கு மேலே துளித்துளியாக விழும் மழை, நெளியும் ஒளி.

இன்னும் ஒரு படி மேலே போனவர் கலைஞர் ஜேம்ஸ் டரெல். இதே அருங்காட்சியகத்தில் அவர் செய்த அறையின் கூரை நடுவில் பெரிய சதுரத் திறப்பு, அதற்குக் கண்ணாடி கிடையாது. மழை நேராகத் தரையில் விழுகிறது. சுவரோரக் கல் இருக்கையில் நனையாமல் உட்கார்ந்து அந்தச் சதுர மழையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டிய இடம். சாம்பல் நிற வானத்தில் இத்தனை சாயல்கள் உண்டென்பது அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும்.

நடக்கும் தூரத்தில் டி. டி. சுசுகி அருங்காட்சியகம். ஜென் பௌத்தத்தை ஆங்கிலத்தில் எழுதி உலகுக்குக் கொண்டுபோன சுசுகி 1870இல் இந்த ஊரில் பிறந்தவர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியக விரிவாக்கத்தை வடிவமைத்த யோஷியோ தனிகுச்சியே 2011இல் திறந்த இந்தச் சிறு கட்டடத்தையும் வடிவமைத்தார். பார்க்கப் பொருள்கள் குறைவு. மெல்லிய நீர்ப்பரப்பும் அதை நோக்கி உட்கார ஒரு வெள்ளை அறையும்தான் முக்கியம்.

கனசாவா என்றதும் ஜப்பானியருக்கு நினைவு வருவது தங்க ரேக்கு. நாட்டில் தயாராகும் ரேக்கில் 98 சதவீதத்துக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. 1987இல் கியோட்டோவின் பொற்கோயிலுக்குப் புதிதாக ஒட்டிய ரேக்கும் இந்த ஊர்ச் சரக்குதான். ஷோகன் என்ற படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட எடோ காலத்தில் ரேக்கு அடிக்கும் உரிமையை அவர்களது அரசு தன் கட்டுக்குள் வைத்திருந்தது. 1808இல் கனசாவா கோட்டையின் அரண்மனை எரிந்து, திரும்பக் கட்ட ஏராளமான ரேக்கு தேவைப்பட்டது. கியோட்டோவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள். தடையை மீறி இங்கே தொழில் வளர்ந்தது. அதற்குத் துணை நின்றது ஈரக்காற்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ரேக்கின் கனம். காற்று வறண்டால் நிலைமின்சாரம் ஏறி, கையிலும் தாளிலும் ஒட்டிச் சுருண்டு வீணாகிவிடும்.

கீழை தேநீர் விடுதித் தெருவான ஹிகாஷி சாயாவில் பல கடைகள் இந்த வேலையைக் கண்ணெதிரே செய்து காட்டுகின்றன. மூங்கில் இடுக்கியால் ஓர் ஓரத்தைத் தூக்கி, தோல் பலகையில் கிடத்தி, நடுவில் மெல்ல ஒரு ஊது. சுருக்கம் அத்தனையும் விரிந்து படிந்துவிடுகிறது. மூங்கில் சட்டத்தால் நான்கு பக்கமும் வெட்டினால் சதுரம் தயார். இரும்பு இடுக்கியைத் தொடுவதில்லை. அது ரேக்கைப் பிடித்துக்கொள்ளும். தங்க ரேக்கு மூடிய ஐஸ்கிரீமைப் படம் எடுக்கவே பலர் இங்கே வருகிறார்கள். வாங்க உகந்தது வேறொன்று: முகத்து எண்ணெயை ஒற்றியெடுக்கும் தாள். ரேக்கை இடையில் வைத்து ஆயிரக்கணக்கான முறை அடி வாங்கிய தாள், எண்ணெயை நொடியில் உறிஞ்சும். கியோட்டோவின் கெய்ஷாக்கள் இதைத் தேடி வாங்கியதில்தான் இந்த வியாபாரம் பிறந்தது. இன்று விற்பவை பெரும்பாலும் இதற்கென்றே செய்தவை. உண்மையில் ரேக்கு அடித்த பழைய தாளும் சில கடைகளில் கிடைக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பசித்தால் ஓமிச்சோ சந்தை. 1721 முதல் ஊருக்குப் படியளக்கும் இந்தச் சந்தைக்கு மேலே முழுக்கக் கூரை. நவம்பர் 6ஆம் தேதி பனி நண்டுப் பருவம் தொடங்கிய பின் வந்தால், காலில் நீலச் சீட்டுக் கட்டிய ஆண் நண்டுகள் வரிசையாகக் கிடக்கும். விலை கேட்டால் மயக்கம் வரும். ஊர்க்காரர்கள் வாங்குவது ‘கோபாகோ’ என்ற சின்னப் பெண் நண்டை. ஓட்டுக்குள் செம்மஞ்சள் சினை, வெளியே கருஞ்சிவப்பு முட்டை. டிசம்பர் கடைசியோடு அதைப் பிடிப்பது நின்றுவிடும்.

இனி பல்பொருள் அங்காடி. ஜப்பானின் பல பெரிய அங்காடிகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே மழை தொடங்கியதும் உள்ளே ஒலிக்கும் இசை மாறும். வாங்க வந்தவர்களுக்கு அது வெறும் பாட்டு. ஜன்னலே இல்லாத தளத்தில் நிற்கும் ஊழியர்களுக்குச் செய்தி. அந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு காகிதப் பைக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டித் தருவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் காசு வாங்குவதுமில்லை.

2020 அக்டோபரில் டோக்கியோவிலிருந்து இங்கே குடிபெயர்ந்த தேசியக் கைவினை அருங்காட்சியகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பாதுகாக்கும், உருஷி மரத்துப் பால் பூசிய பாத்திரங்களைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் எதை வாங்குகிறோம் என்பது தெரியும். அந்தப் பால் காற்றில் உலர்ந்து இறுகுவதில்லை. 70, 80 சதவீத ஈரப்பதத்தில்தான் இறுகும். இதில் பேர்போன ஊர், கனசாவா இருக்கும் அதே இஷிகாவா மாநிலத்தின் வடகோடியில் உள்ள வாஜிமா. உடைபடும் விளிம்புகளில் துணி ஒட்டி, சுட்ட மண்ணைக் கலந்து பூசி, நூறுக்கு மேற்பட்ட படிகளில் ஒரு கிண்ணம் உருவாகிறது.

2024 ஜனவரி 1 அன்று நோட்டோ நிலநடுக்கம் வாஜிமாவைக் குலைத்துப்போட்டது. புகழ்பெற்ற காலைச் சந்தைத் தெரு தீயில் எரிந்தது. கனசாவாவிலும் 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகத்தின் கூரைக் கண்ணாடிகள் விழுந்து, அதன் காட்சிக் கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அதே ஆண்டு மார்ச்சில், காலைச் சந்தை வியாபாரிகள் கனசாவாவின் கனாய்வா துறைமுகத்துக்கு வந்து கடை விரித்தார்கள். பட்டறையை இழந்த பலர் இன்னும் முழுதாக எழவில்லை. அதனால் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், தங்க ஐஸ்கிரீமை விட்டுவிட்டு ஒரு வாஜிமா சூப் கிண்ணத்தை வாங்குங்கள். விலை அதிகம்தான். பூச்சு தேய்ந்தால் திரும்பப் பூசித் தருவார்கள்.

அடுத்த வாரம், வாஜிமாவுக்கே போகலாம்.